பதினாறுல மூணு போச்சு

செல்வி அக்காவோட பிரவுசிங் சென்டருக்குப் புதுசா ரெண்டு கம்ப்யூட்டர் வந்திருந்துச்சு. அதை மத்ததோட சேத்துவிடணும். கம்பத்துல அன்னைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை.

ஏற்கனவே பதினாலு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு ஒயரைச் சொருகி ரெண்டு நம்பரை அடிச்சா, பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்.

ஆனா நான் அந்த வாரந்தான் மதுரையில நெட்வொர்க் கோர்ஸ் முடிச்சிருந்தேன். நெட்வொர்க்கைப் பாத்தி பாத்தியா பிரிச்சு சப்நெட் போடத் தெரிஞ்சவன் வெறும் ஒயரைச் சொருகிட்டுப் போகலாமா?

ஒவ்வொரு மிஷினுக்கும் ஐபி அட்ரஸ்னு ஒரு நம்பர் உண்டு. அங்கன எரநூத்துச் சொச்சம் நம்பருக்கு எடம் போட்டு வச்சிருந்தாக. பதினாறு மிஷினுக்கு எதுக்குக்கா இம்புட்டுன்னு கேட்டேன். ஓடுதுல்ல, விட்ருன்னாக.

விட்டிருக்கலாம். எத்தனை நம்பருக்கு எடம்னு முடிவு பண்றது மாஸ்க்கு. அதை 255.255.255.240ன்னு மாத்துனேன். சரியா பதினாறு நம்பர், பதினாறு மிஷின். பேப்பர் பேனா இல்லாம மனசுலயே போட்ட கணக்கு.

அன்னைக்குப் பத்து மணிக்கு ப்ளஸ் டூ ரிசல்ட்டு வேற.

ஒம்போதரைக்கே கடை நெறஞ்சிருச்சு. நான் வரிசையா நம்பர் அடிச்சுக்கிட்டே வந்தேன். பதிமூணு மிஷின் ஓடுச்சு. மிச்சம் மூணும் நம்பரையே வாங்க மாட்டேங்குது. ஒயரைக் கழட்டி மாட்டுனேன். புது மிஷின் சரியில்லைன்னேன். மூணுல ஒண்ணு பழசுன்னு அக்கா காட்டுனாக. அப்ப சுவிட்ச் சரியில்லைன்னேன்.

அக்கா ஓடுற மிஷினை ஒண்ணொண்ணா எண்ணுனாக.

"நேத்து பதினாலு ஓடுச்சு. நீ ரெண்டைச் சேத்த, பதிமூணாச்சு. இது எந்த ஊருக் கணக்குப்பா?"

அப்பத்தான் உறைச்சுச்சு. ஒரு சப்நெட்ல முத நம்பரையும் கடைசி நம்பரையும் எந்த மிஷினுக்கும் கொடுக்கக் கூடாது. நெட்டு வர்ற மோடத்துக்கு வேற ஒரு நம்பர். ஆக, மூணு போச்சு. இதை எங்க சார் மூணு தடவை சொன்னாரு. மூணு தடவையும் நான் நோட்டுல எழுதியிருக்கேன்.

ஓடாத மிஷின் ஒண்ணுக்கு முன்னாடி சுருளிப்பட்டிக்காரர் ஒருத்தர் உக்காந்திருந்தாரு. திராட்சை விவசாயி. மக பரிச்சை நம்பர் கையில இருக்கு. ஐபி நம்பர் செல்லாதுன்னு வந்து, நான் பாதியில விட்டுட்டுப் போன மெசேஜ் ஸ்கிரீன்லயே நிக்குது. இங்கிலீசுல ரெண்டு வரி, பக்கத்துல செவப்பா ஒரு பெருக்கல் குறி.

அவரு கண்ணு கலங்கிப்போயி, மத்தவுக காதுல விழாம மெதுவா என்கிட்டக் கேட்டாரு.

"தம்பி, எம்மக பெயிலா? நேராச் சொல்லிருங்க. அவ ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் அந்த மெசேஜை மூடுனேன்.

"உங்க மக இல்லண்ணே. பெயிலானது நான்தான்."

உக்காந்திருந்த அம்புட்டுப் பேரையும் எந்திரிக்கச் சொல்லி, மோடத்துல ஆரம்பிச்சு எல்லாத்துலயும் பழைய மாஸ்க்கையே திரும்பப் போட்டேன், பதினாறும் ஓடுச்சு. அந்த நேரத்துல சனம் பேசுனதை இங்கன எழுத முடியாது.

அவரு மக பாஸ். நல்ல மார்க்கு. மனுசன் குளுந்துபோயி என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. மகளும் கம்ப்யூட்டர்தான் படிக்கணும்ங்கிறாளாம், நான் எங்கன படிச்சேன்னு விசாரிச்சாரு. பெருமையா இன்ஸ்டிட்யூட் பேரைச் சொன்னேன்.

நிதானமா எழுதிக்கிட்டு, அங்கன மட்டும் சேக்க மாட்டேன்னு சொல்லிட்டுக் கெளம்புனாரு.