திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு ‘ம்’

மனைவியை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் அன்று காலையில் டைம்கீப்பருக்குப் பிரச்சினை. பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாக நேர்முகத் தேர்வு. மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

“கட்டிலுக்கு அடியில படுத்துக்கிறியா?”

“என் முட்டி என்ன கதவுக் கீலா, நினைச்சப்போ மடக்கி நிமிர்த்த? அப்புறம் இழுத்து வெளியில போட நாலு ஆள் வேணும்.”

“பீரோவுக்குள்ள?”

“நான் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தாலும் நீங்க அந்தக் கம்ப்யூட்டரை விட்டு எந்திரிக்க மாட்டீங்க.”

“அப்ப பேசாம பக்கத்துலயே உட்காரு. சம்சாரம்னு சொல்லிடறேன்.”

“ஐயையோ, வேண்டவே வேண்டாம்! என் மூஞ்சி அதுல தெரியவே கூடாது” என்று பதறினாள். வெட்கப்படுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் அவள் ‘ம்’ கொட்டாமல் இவருக்கு மூளை ஓடாதே!

கதை இதுதான். இருபத்தேழு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதி எழுதியே தலை நரைத்தது. ஒரு நாள் டிப்போ வாசலில் ஒரு கேமராவையும் பெட்டியையும் மாட்டி, இனிமேல் நேரத்தை இதுவே எழுதிக்கொள்ளும் என்று சொல்லி இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு ஆளாக இருந்தால் வயிறெரிந்து சபித்திருப்பார். இவரோ அந்தப் பெட்டி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு அரை மணி நேரம் நின்றார். “அடேங்கப்பா! சேறு அப்பிக் கிடக்கிற நம்பரைக்கூடப் படிக்குதே! இதுக்குள்ள என்னதான் எழுதி வச்சிருப்பாங்க?”

அன்று பிடித்தது பைத்தியம். மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில், ஐம்பத்தைந்து வயதில், தானாகவே புரோகிராம் எழுதப் படித்தார். தான் எழுதிய நாலு வரிக்குக் கட்டுப்பட்டுத் திரையில் முதல் தடவையாக ‘வணக்கம்’ என்று வந்தபோது, எழுந்து நின்று பதில் வணக்கம் போட்டவர் அவர்.

எதையும் வாய்விட்டு யாரிடமாவது சொன்னால்தான் இவருக்குப் புரியும். மனைவி மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து இவர் பாடத்தை விளக்குவார். அவள் ‘ம்’ போட்டால் புரோகிராம் ஓடும். ‘ம்ஹும்’ என்றால் எங்கேயோ உதைக்கும். இரண்டு வருஷமாக இதை அவளுடைய ராசி என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டார். வயதைப் பார்த்துவிட்டு நாற்பது இடத்தில் மூச்சே இல்லை. ஒரே ஒரு இடத்திலிருந்து, ‘உங்கள் மகனுக்காகக் கேட்கிறீர்களா?’ என்று பதில் வந்தது. நாற்பத்திரண்டாவது கம்பெனிதான் அதிசயமாகக் கூப்பிட்டிருந்தது. அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. இதுவும் கைவிட்டுப் போனால், திங்கட்கிழமையிலிருந்து மச்சானின் மரக்கடை வாசலில் காவல். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று மச்சான் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். அந்த ‘சும்மா’வை நினைக்கும்போதெல்லாம் டைம்கீப்பருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பது என்று முடிவாயிற்று. பாதம் இரண்டும் வெளியே தெரிந்தது. பயணப் பெட்டியைக் குறுக்கே வைத்து மறைத்தார். மணி பதினொன்று.

திரையில் மகள் வயதில் ஒரு பெண் தோன்றினாள். “வணக்கம் சார். ரூமை ஒரு தடவை சுத்திக் காட்டுங்க.” லேப்டாப்பைத் தூக்கிச் சுற்றிக் காட்டினார். “பெட்டியெல்லாம் எடுத்து வச்சிருக்கீங்க, ஊருக்குக் கிளம்புறீங்களா?”

“இல்ல மேடம், இப்பத்தான் வந்தோம்... வந்தேன்.”

“சரி சார். இது கிளினிக்ல டோக்கன் குடுக்கிற புரோகிராம். இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிங்க.”

திரையில் எட்டு வரி வந்து நின்றது. டைம்கீப்பர் சொக்கிப்போனார்.

“ஆகா! யாரு மேடம் எழுதினது? எவ்வளவு சுத்தமா இருக்கு! எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு எண்ணுது. அதோட ஒண்ணைக் கூட்டி, அடுத்து வர்றவருக்கு நம்பர் குடுக்குது. அடடா!”

“ம்” என்றது திரைச்சீலை.

“யாரு சார் அது?”

“தொண்டை மேடம். என்னோடதுதான். வயசு... இல்ல இல்ல, தூசி.”

“தண்ணி குடிங்க சார்.”

தம்ளரை எடுத்தார். “யாராவது பாதியில கிளம்பிட்டா எண்ணிக்கையில ஒண்ணைக் கழிச்சிடுது. கச்சிதம்! இதுல தப்பே இல்ல மேடம்” என்று சொல்லிவிட்டுத் தம்ளரில் வாய் வைத்தார்.

“ம்ஹும்!”

தண்ணீர் புரையேறிற்று.

“சார், உங்க வாயில தம்ளர் இருக்கு. சத்தம் எங்கேருந்து வருது?”

“புறா மேடம். ஜன்னல்ல வந்து உட்காரும்.”

“விரட்டிட்டு வாங்க, நான் இருக்கேன்.”

வேறு வழியில்லாமல் எழுந்துபோய், “சூ! சூ!” என்று திரைச்சீலையைத் தட்டினார். வருஷக்கணக்கான தூசி கிளம்பிற்று. உள்ளே அடுக்கடுக்காக மூன்று தும்மல்.

“புறாவுக்குச் சளியா சார்?”

“சீசன் சரியில்ல மேடம்.”

உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். “அப்ப, தப்பே இல்லைங்கிறதுதான் உங்க பதிலா? எழுதிக்கவா?”

எட்டு வரியையும் மறுபடி பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. மரக்கடை வாசலும் கண்ணுக்குள் வந்து நின்றது. “எழுதிக்...”

“ஏங்க! வாயை மூடுங்க!” திரைச்சீலை அலறியது. “பத்துப் பேர் டோக்கனோட உட்கார்ந்திருக்காங்க. நாலாம் நம்பர்காரர் எந்திரிச்சுப் போயிட்டார். மிச்சம் ஒம்போது. புதுசா வர்றவருக்கு ஒம்போதோட ஒண்ணைக் கூட்டிப் பத்துன்னு குடுத்தா, முன்னாடியே பத்தைக் கையில வச்சிருக்கிற மனுஷன் சும்மா இருப்பாரா? அடிதடி ஆயிடாது?”

சொன்ன வேகத்தில் கையும் ஆடியது. திரைச்சீலை, அதன் கம்பி, சுவரில் இருந்த ஆணி என்று எல்லாமே சரிந்து விழுந்தன. கழுத்தில் அளவு நாடாவோடு அவள் நின்றாள்.

டைம்கீப்பருக்கு வேலை மறந்துபோயிற்று, மேடம் மறந்துபோயிற்று. “அடேங்கப்பா!” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது. “நான் எட்டு வரியைக் கண்ணால பார்த்தும் தெரியல. நீ காதால கேட்டே கண்டுபிடிச்சிட்டியே! உனக்கு இதெல்லாம் புரியுமா?”

அவளோ, விழுந்த துணியை வாரியெடுத்து முகத்தை மூடிக்கொள்வதிலேயே குறியாக இருந்தாள். ஆனந்தமும் கூச்சமும் ஒன்றாக வந்து அவருக்குக் கண் கலங்கியது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

“மன்னிச்சிடுங்க மேடம். புறான்னு சொன்னது பொய். எனக்கு வேலை வேணாம், போகட்டும். ஆனா கண்டுபிடிச்சது இவதான். அதை மட்டும் எழுதிக்குங்க.”

அந்தப் பெண் இவரைப் பார்க்கவே இல்லை. இவருடைய தோளுக்குப் பின்னால் துணிக்குள் நெளிந்துகொண்டிருந்த முகத்தையே திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

“அக்கா, நீங்களா! போன வாரம் இதே வேலைக்கு உங்களை எடுத்தப்போ, ‘எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்த வாத்தியாரையும் கூப்பிட்டு எடுத்தாத்தான் நான் வேலைக்கு வருவேன்’னு அவ்வளவு அடம்பிடிச்சீங்களே, அவர் உங்க வீட்டுக்காரர்னு சொல்லவே இல்லையே!”