எட்டு போட்ட இளவரசி

தருமபுரி மாவட்டத்தில் இளவரசியைப் போல நல்லவள் ஒருத்தி அதற்கு முன் பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கவும் வேண்டாம். ஒரே அறையில் அவளோடு ஏழு மாதம் குடியிருந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அவளுடைய நிஜப்பெயர் வார்டன் நோட்டில் மட்டும்தான் இருந்தது; இளவரசி என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். அவளைக் கெடுத்தது செல்போனில் பார்த்த ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர். "கார்ட்டூன் இல்லீங்கக்கா, அனிமே" என்று திருத்துவாள். அதில் ஒரு இளவரசி. அவள் காதலனை அரக்கன் கொன்றுவிடுவான். உடனே அதே நாள் மறுபடி விடியும். அந்த மகராசி நூறு தடவை அதே நாளை வாழ்ந்தும் ஒருத்தரைக்கூடத் திட்டவில்லை, சலித்துக்கொள்ளவில்லை, தலைமுடிகூடக் கலையவில்லை. தானும் அப்படியே இருப்பது என்று இவள் முடிவு கட்டிவிட்டாள்.

மெஸ் அக்கா சூடான சாம்பாரை இவள் காலில் கொட்டினால், "உங்க கைக்கு ஒன்னும் ஆவலீங்களே?" என்று சிரிப்பாள். குளியலறை வரிசையில் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று எல்லோருக்கும் வழிவிடுவாள். கூடவே என் பக்கெட்டையும் தானம் செய்துவிடுவாள். கடவுளே!

இந்த நல்லவளுக்கு வந்த சோதனை, லைசென்ஸ். சித்தேரி மலைக் கிராமங்களுக்கு ஸ்கூட்டரில் போய்வரும் களப்பணியாளர் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸைக் காட்டினால்தான் ஆர்டர். "ஆவலைன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வா, மாப்ள பாத்தாச்சு" என்று அப்பா சொல்லிவிட்டார். இவளோ டெஸ்ட்டில் எட்டு போடும்போது கடைசி வளைவில் காலை ஊன்றிவிட்டாள். ஃபெயில்.

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு காலி மைதானத்தில் போய்ப் பழகுவார்கள். இளவரசி அந்த நாளையே திரும்பக் கொண்டுவந்தாள்! அதே மஞ்சள் சுடிதார், அதே உப்புமா, அதே ஏழரை மணி டவுன் பஸ். முதல் டெஸ்ட் அன்று நான் தூக்கத்தில் "ஜன்னலச் சாத்துடி" என்று சொன்னேனாம். அதற்காக ஒவ்வொரு டெஸ்ட் அன்றும் என்னை எழுப்பி அதைச் சொல்ல வைத்தாள்.

"ஏன்டி, நீ திரும்பக் கொண்டார்றது ஃபெயிலான நாளடி!"

"அன்னைக்கு எல்லாமே சரியாத்தானுங்கக்கா இருந்துச்சு. அந்த ஒரு கால மட்டும்தான் மாத்தணும்."

இன்னும் மூன்று டெஸ்ட் போய்ப் பார்த்தாள். கால் மட்டும் மாறவில்லை.

ஐந்தாவதுதான் கடைசி வாய்ப்பு. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அன்று பார்த்து, மழையில் மஞ்சள் சுடிதார் காயவில்லை. பாலக்கோட்டில் தக்காளி மலிந்துகிடந்ததால் மெஸ்ஸில் உப்புமாவுக்குப் பதில் தக்காளி சாதம். டவுன் பஸ் வரவே இல்லை. ஷேர் ஆட்டோவில் பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்காமல் நானும் கூடவே போனேன்.

டெஸ்ட் மைதானத்தில் யாரோ ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் பல்லைக் காட்டினார். "என்னாம்மா, மறுபடியுமா? பேசாம கல்யாணம் கட்டிக்கினு புருசன் பின்னால குந்திக்கினு போவியா!"

அவ்வளவுதான். டெஸ்ட்டுக்கென்று அங்கே வாடகைக்கு எடுத்த வண்டியைக் கிளப்பிக்கொண்டே இளவரசி வாயைத் திறந்தாள்.

"யோவ்! உன் தல மேலயா கால ஊன்னேன்?"

முதல் வளைவு.

"நான் எவன் பின்னால குந்தணும்னு சொல்ல நீ யாருய்யா?"

அடுத்த வளைவு. கழுத்து முழுக்க அந்த ஆள் பக்கமே திரும்பியிருந்தது. ஏழு மாதமாக அடக்கி வைத்த அத்தனையும் வெளியே வந்தது. அச்சில் போட முடியாது. கடைசி வளைவு வந்தது, போனது. கால் இறங்கவில்லை! கால் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. நிற்காமல் இரண்டாவது எட்டு, மூன்றாவது எட்டு.

இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் ஆட்டினார். "போதும்மா! பாஸு, பாஸு! வண்டிய நிறுத்து!"

"இருங்க சார், நான் இன்னும் முடிக்கல!"

மைதானமே கைதட்டியது. திட்டு வாங்கியவரும் தட்டினார். நான் விசிலே அடித்துவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "அந்த இளவரசி பாவங்கக்கா. ஒருத்தனையாச்சும் வாய் நெறயத் திட்டியிருந்தா என்னைக்கோ அடுத்த நாள் விடிஞ்சிருக்கும்."

திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பியவள் விடுதி வாசலில் ஒரு இரவல் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஏறுங்கக்கா, பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டுப் போறேன்."

எனக்குப் பஸ் ஸ்டாண்டில் அன்று ஒரு வேலையும் இல்லை. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.