துரைக்கு இன்று விடுமுறை

ஒரு காட்டில் பாவாயி என்றொரு கரடிக்கு அநியாயம் நடந்தது. அவள் செய்த வேலைக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குச் சந்தனம் வைத்தார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான். ஆனால் சுருக்கமாகச் சொன்னால் "இதுக்கா இத்தனை கோபம்?" என்று கேட்க நாலு பேர் தயாராக இருப்பார்கள். ஆகவே விலாவாரியாகவே சொல்லிவிடலாம்.

பாவாயியின் கணவர் நாச்சிமுத்து, தேன் மொத்த வியாபாரி. அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை ஓடியது. இறங்கினால் குளியல், ஏறினால் வீடு. ஆனால் மேட்டுக்காட்டு யானை தன் வீட்டில் நீச்சல் குளம் கட்டிவிட்டது. யானை கட்டிய பிறகு கரடி சும்மா இருந்தால் வியாபாரிகள் மத்தியில் என்ன மரியாதை? நாச்சிமுத்துவும் நீலக் கல் பதித்து ஒரு குளம் கட்டினார். அவருக்கு நீச்சல் தெரியாது. அதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் முதல் படியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து டீ குடிப்பார். அவர் எழுந்து போன பிறகும் அவருடைய ரோமம் பாதி அங்கேயே மிதந்துகொண்டிருக்கும்.

அந்த ரோமத்தையும் வாகை மரத்துச் சருகையும் பாவாயிதான் ஒரு நீளக் கம்பில் கட்டிய வலையால் அள்ளுவாள். பிரஷ் போட்டுச் சுவரைத் தேய்ப்பாள். குட்டிகளுக்குக் கிழங்கு தோண்டுவதற்கும் மாமியாருக்குப் பேன் பார்ப்பதற்கும் நடுவே இதையும் செய்தாள். இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வேலை என்று பெயர் வைத்தால்தானே பிரச்சினை?

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மழை விழுந்து புற்று வாய் திறக்கிற நாளில், கரட்டுமேட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டில் அக்கா தங்கைகள் எல்லோரும் கூடி, வாய் வலிக்க ஈசல் தின்பார்கள், அதைவிட வாய் வலிக்கப் பேசுவார்கள். குளம் கட்டியதிலிருந்து அவள் போகவில்லை. ஒவ்வொரு முறையும் நாச்சிமுத்து, "நீ போயிட்டா குளத்தை ஆரு பாக்கறது அம்மிணி?" என்பார். அந்தக் கேள்விக்கு "நீங்க" என்று ஒரு பதில் உண்டு என்பது அந்த வீட்டில் அதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் நரி வந்தது. கழுத்தில் டை, கையில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஆமை மாதிரி ஒரு மெஷின். தண்ணீருக்குள் விட்டால் தானாகத் தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, அழுக்கையெல்லாம் உறிஞ்சிவிடுமாம்.

"அக்கா, இனி நீங்க கால் மேல கால் போட்டு உக்காந்துக்கலாம்" என்றது நரி.

"பாத்தியா? உனக்காகத்தான் வாங்கறேன்" என்றார் நாச்சிமுத்து. "இனி நீ தாராளமா தங்கச்சி ஊட்டுக்குப் போலாம்."

பாவாயிக்கு நெஞ்சு நிறைந்தது. பக்கத்து மரத்து மந்தி காத்தாயி, "கொடுத்து வெச்சவடி நீ!" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

பிறகு நரி விதிமுறைகளைச் சொன்னது. பெரிய சருகு உறிஞ்சினால் மெஷினுக்கு மூச்சு முட்டும். ஆகவே முதலில் வலையால் சருகை அள்ளிவிட வேண்டும். மெஷின் படிக்கட்டில் ஏறாது. படியை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஓடி முடித்ததும் தூக்கி வெளியே வைக்க வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, ஆகாது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஒயரைச் சிக்கில்லாமல் நீட்டிக் காயவைத்து, மெதுவாகச் சுருட்ட வேண்டும்.

பாவாயி விரல் விட்டுப் பார்த்தாள். பழைய வேலை அப்படியே இருந்தது. அதன் தலையில் புது வேலை ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, இது எதைங்க சுத்தம் பண்ணுது?"

"குளத்தை."

"இதை ஆருங்க சுத்தம் பண்றது?"

"அதுக்கென்ன? ஒரு நிமிஷ வேலை" என்றார் நாச்சிமுத்து.

அந்த ஒரு நிமிஷம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், ஈரக் கரடி ரோமம் அடைத்த ஃபில்டரை ஒருமுறை நகத்தால் நோண்டிப் பார்க்க வேண்டும். முடி முடியாக இழுக்க வேண்டும். ஒன்று வந்தால் ஒன்பது உள்ளே போகும்.

நாச்சிமுத்து மெஷினுக்குத் துரை என்று பெயர் வைத்தார். துரையைப் பார்க்கவென்றே ஒறம்பரை வர ஆரம்பித்தது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் டீ போட்டது யார் என்று கேட்க வேண்டாம். "எங்கூட்டுக் குளத்தைப் பாத்தீங்களா? கையே வெக்கறதில்லீங்க!" என்று அவர் காடு முழுக்கக் கரடி விட்டார். அவருக்கு அது பிறவி உரிமை. காத்தாயியும் மாற்றிப் பேச ஆரம்பித்தாள்: "உனக்கென்னடி, மெஷின் பண்ணுது. பகல் பூரா என்னதான் செய்யறே?"

ஒரு நாள் துரை நடுக்குளத்தில் நின்றுபோய்ச் சிவப்பு விளக்கு எரிந்தது. நாச்சிமுத்து பதறிப்போனார். கடையை மூடிவிட்டு ஓடிவந்தார். நரிக்குப் போன் மேல் போன். மெஷினின் முதுகைத் தடவி, "நேத்து ரொம்ப ஓட்டிட்டமோ என்னமோ. ரெண்டு நாள் ரெஸ்ட்டு குடுக்கோணும்" என்று கண் கலங்கினார். போன மாதம் பாவாயிக்குக் காய்ச்சல் வந்தபோதும் அவர் அன்பாகத்தான் நடந்துகொண்டார். "சுக்குத் தண்ணி வெச்சுக் குடி. அப்படியே எனக்கும் ஒரு டம்ளர்" என்றார்.

அந்த வருஷம் மழை தள்ளிப் போயிற்று. ஆயுத பூஜை வந்தது.

முந்தின நாளே தங்கச்சியிடமிருந்து கிளி சேதி கொண்டுவந்தது: "மேகம் கட்டுது. மழை எறங்குன மறுநாள் புத்து தொறந்துரும். இந்தத் தடவையும் வரலைன்னா நீ அக்காளே இல்லை."

"நாளன்னிக்கு நான் போகோணுங்க" என்றாள் பாவாயி.

"போலாம் போலாம். பூஜை முடியட்டும். அப்பறம் துரையைப் பாத்துக்க ஆராச்சும் ஆள் கெடச்சா போ."

வேலையைக் குறைக்க வந்த மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் பாவாயியே எடுத்துவைத்தாள்.

காலையில் குளத்தங்கரையில் வாழையிலை விரித்து, அதன் மேல் துரையை உட்காரவைத்தார்கள். நாச்சிமுத்து அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சம்பங்கி மாலை போட்டார். ஒயருக்குக்கூட ஒரு பொட்டு. வலைக்கம்பு வீட்டுக்குப் பின்னால் சாணிக்கூடைக்குப் பக்கத்தில் சாய்ந்துகிடந்தது. பூஜையை நடத்தித் தர வந்த நரி மணி அடித்துக் கற்பூரம் காட்டி, பக்தி பொங்கச் சொன்னது:

"சந்தனம் வெச்ச ஆயுதத்தை இன்னிக்குத் தொடக் கூடாதுங்க. நாளைக்குக் காலையிலதான் எடுக்கோணும். மீறி வேலை வாங்குனா தெய்வ குத்தம். எங்க கம்பெனியும் பொறுப்பாகாது."

காத்தாயி உட்பட எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு வீசு வீசியது. வாகை மரம் தன் ஒரு வருஷத்துச் சருகையும் குளத்தில் கொட்டியது. நாச்சிமுத்துவுக்கு வியர்த்தது. சுண்டல் சாப்பிட மேட்டுக்காட்டு யானை வருவதாகச் சொல்லியிருந்தது.

"அம்மிணி, கம்பை எடுத்துட்டு வந்து ஒரு அள்ளு அள்ளிப் போட்டுரு. அப்படியே படியையும் ஒரு தேய். துரைக்கு இன்னிக்கு லீவு."

"எனக்குங்க?"

"உனக்கு என்ன?"

"லீவு."

நாச்சிமுத்து சிரித்தார். விருந்தாளிகளும் சிரித்தார்கள். "லீவு உட நீ என்ன மெஷினா?" என்றார் அவர்.

பாவாயி அதை யோசித்துப் பார்த்தாள். மெஷினைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வெயிலில் வைப்பதில்லை. நின்றுபோனால் கடையை மூடிக்கொண்டு ஓடிவருகிறார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது தொடக்கூடாது என்கிறார்கள். தான் மெஷின் இல்லை என்று இத்தனை நாள் எதற்காகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குச் சுத்தமாக விளங்கவில்லை.

"ஆமாங்க" என்றாள்.

கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை வழித்தாள். நெற்றியில் ஒரு அப்பு, இரண்டு கையிலும் இரண்டு அப்பு. குங்குமத்தை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டாள். மிச்சச் சம்பங்கிச் சரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாழையிலையின் ஓரத்தில் துரைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அடியே, என்ன கூத்துடி இது?" என்றாள் காத்தாயி.

"குளத்தைச் சுத்தம் பண்ற ஆயுதம்டி. இது ஒண்ணு, நான் ஒண்ணு. இதுக்குப் பூஜை போட்டீங்க, எனக்கு நானே போட்டுக்கிட்டேன்."

"எந்திரி புள்ள, மானம் போகுது!" என்றார் நாச்சிமுத்து.

"தொடக் கூடாதுங்க. தெய்வ குத்தம்."

அவர் நரியைப் பார்த்தார். நரி மாட்டிக்கொண்டது. சந்தனம் வைத்தாலும் வேலை வாங்கலாம் என்று சொன்னால், காலையில் வாங்கிய தட்சணைக்கு என்ன பதில்? தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாஸ்திரப்படி பார்த்தா... அக்கா சொல்றது சரிதானுங்க. சந்தனம் வெச்சாச்சு" என்றது.

"பொட்டச்சி சந்தனம் வெச்சா அதும் ஆயுதமாயிருமா?" என்றது கூட்டத்தில் ஒரு முள்ளம்பன்றி.

"மெஷினுக்குச் சந்தனம் வெச்சா அது சாமியாகுதில்லீங்க?" என்றாள் பாவாயி, பொரியை வாயில் போட்டுக்கொண்டே. முள்ளம்பன்றி முள்ளை மடக்கிக்கொண்டது.

வேறு வழியில்லை. நாச்சிமுத்து வீட்டுக்குப் பின்னால் போய்க் கம்பை எடுத்துவந்தார். வலையைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பின் மொட்டை முனையைத் தண்ணீருக்குள் விட்டார். யாரோ சொல்லித் திருப்பிப் பிடித்தார். எட்டி அள்ளினார். இன்னும் எட்டினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று குளத்தைச் சுத்தம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். தொபுக்கென்று முழுக் கரடியும் உள்ளே போயிற்று.

ஆழம் இடுப்பளவுதான். இருந்தாலும் அவர் நாலு காலையும் அடித்துக்கொண்ட வேகத்தில், அந்த வருஷம் உதிர வேண்டிய ரோமமெல்லாம் அன்றைக்கே உதிர்ந்துவிட்டது. அப்போதுதான் யானை வந்தது. குளத்தை எட்டிப் பார்த்தது.

"என்ன மாப்ள, கம்பளி நனைச்சு வெச்சிருக்கே?"

பாவாயி மேலும் ஒரு கைப்பிடி சுண்டல் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை அவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு டீயும் நாச்சிமுத்துதான் போட்டார். அதைப் பற்றி விருந்தாளிகள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது.

விடிந்ததும் கரட்டுமேட்டுப் பக்கம் வானத்துக்கே சிறகு முளைத்த மாதிரி தெரிந்தது. பாவாயி முகத்தைக் கழுவி, சந்தனத்தைத் துடைத்துவிட்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

நாச்சிமுத்து திருந்தியிருப்பார், கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு காட்டில் விசாரிக்கவும். இந்தக் காட்டில் அவர் விடிந்ததும் விடியாததுமாய் நரிக்குப் போன் போட்டு, "துரையைக் கழுவறதுக்கு ஒரு மெஷின் வந்திருக்குதாங்க?" என்றுதான் கேட்டார். நரி விசாரித்துச் சொல்வதாகச் சொன்னது. அதற்குள் ஆத்திரம் பொறுக்காமல், சருகும் ரோமமும் மிதக்கும் குளத்துக்குள் அவரே துரையை இறக்கிவிட்டார்.

துரை கொஞ்ச தூரம் போயிற்று. கம்பளியில் பாதியை விழுங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. பதறி ஒயரைப் பிடித்து இழுத்தார். ஒயர் படியைச் சுற்றியது. பிறகு அவர் காலைச் சுற்றியது. பிறகு எது கால், எது ஒயர் என்று தெரியாத நிலை வந்தது.

"அம்மிணி! ஏ அம்மிணி! எங்கே போறே? இந்த ஃபில்டரை எப்படிக் கழட்டறது? இந்தச் சிக்கை எப்படித்தான் எடுக்கறது?"

பாவாயி வேலிப் படலைத் திறந்தாள். குட்டிகளை முன்னால் விட்டாள். திரும்பி, நல்ல மனைவிக்குரிய பணிவோடு பதில் சொன்னாள்:

"அதுக்கென்னங்க? ஒரு நிமிஷ வேலை."

நீதி: ஓடிக்கொண்டே இருப்பவளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆகவே பெண்கள் அவ்வப்போது சிவப்பு விளக்கை எரியவிட்டு நின்றுபோவது நலம்.