ஹுளியைப் பிடிக்கச் சொன்னார்கள்

துக்கத்தில் இருப்பவன் அழலாம், பாடலாம், தாடிகூட வளர்க்கலாம். சமைக்க மட்டும் கூடாது. இதை நான் ஒரு மரத்தின் உச்சியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கோலார் தங்கவயலிலிருந்து குமாஸ்தா வேலைக்கு பெங்களூர் வந்து, மர்பி டவுனில் ஓர் அறையில் தனியாகக் கிடந்தேன். அந்த ஊரில் என்னைப் பார்த்து, "இன்னாடா, சாப்ட்டியா?" என்று கேட்ட ஒரே ஆள் பக்கத்து அறை தேவசகாயம் அண்ணன். கன்டோன்மென்ட் கிளப் ஒன்றில் தலைமைச் சமையல்காரர். கல்யாணம் ஆகாதவர். தான் சமைத்ததை அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடவே மாட்டார்.

"நாள் பூரா பொகையில வேகுறேன்டா. சோறாவது காத்துல துன்னலாம்" என்பார்.

லீவு நாளில் டிபன் கேரியரும் மவுத் ஆர்கனுமாக பன்னேர்கட்டா பக்கத்துப் பாறைக்குக் கிளம்பிவிடுவார். சாயங்காலங்களில் கப்பன் பார்க்கில் வாசிப்பார். (பாட்டோடு வெங்காய வாசனையும் வரும். யாரும் எழுந்து போனதில்லை.)

ஒருநாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு நானும், கிளப் சமையல்கட்டிலிருந்து அந்தோணியும்தான். அத்தனை பேருக்குப் பொங்கிப் போட்ட மனிதருக்கு இரண்டே பேர். அவரைப் பற்றி நாலு பேர் முன்னால் நாலு வார்த்தை பேசாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பார்க்கில் அவர் வாசிப்பைக் கேட்க வந்துகொண்டிருந்தவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பாறைக்கு அழைத்துப் போனேன். கூட வந்த அந்தோணியைத் தவிர எல்லோரும் கன்னடக்காரர்கள். அவர்களில் பெரியவர் ரிட்டயர்டு வாத்தியார் மூர்த்தி. சாப்பாடு என் பொறுப்பு. மூன்று கல்லைக் கூட்டி சாம்பார் வைத்தேன். (அண்ணன் பார்த்திருந்தால் இன்னொரு தடவை செத்திருப்பார்.)

அது கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பாறை மேல் ஏறி நின்றேன். இரண்டு ராத்திரி மனப்பாடம் செய்த பேச்சு. கண்களை மூடிக்கொண்டு, "அண்ணன் தேவசகாயம் அவர்கள்..." என்று ஆரம்பித்தேன்.

மூர்த்தி வாத்தியார் என் முதுகுப் பக்கம் பார்த்து அலறினார்: "ஹுளி! ஹுளி! ஹிடீரி, ஹிடீரி!"

எனக்குத் தெரிந்த கன்னடம் ஒரு குழந்தைப் பாடப்புத்தகம் அளவு. அதில் 'ஹுலி' என்று ஒரு புலிப் படம் உண்டு. 'ஹிடீரி' என்றால் பிடியுங்கள். (புலியைப் பிடிக்கச் சொல்கிறார். அதுவும் என்னை.) அந்தக் காலத்தில் பன்னேர்கட்டா காடு நிஜக் காடு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கண்ணில் பட்ட மரத்தில் ஏறினேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்தோணியும் பின்னாலேயே ஏறினான். என் வேட்டி கீழ்க்கிளையில் தங்கிவிட்டது.

கீழே பார்த்தால் புலியைக் காணோம். அடுப்புக்கல் சரிந்து, பாறை நெடுக சாம்பார் ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார் துண்டால் பானையைப் பிடித்தபடி நின்றார்.

"பயப்படாதிங்கப்பா. எங்க பாஷைல சாம்பார்க்கு ஹுளின்னு பேரு. பாதி ஹோய்த்து, பாதி இருக்கு. எறங்கி வாங்க."

ல, ள வித்தியாசம் தெரியாத காதுக்கு வந்த வினை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாப்பிடும்போதும் என்னைப் பற்றித்தான் பேச்சு, பஸ்ஸிலும் என் வேட்டிதான். அண்ணனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி எழுந்து நின்று பேச எனக்கும் முகமில்லை. அன்றைக்கு அறைக்கு வந்தபோது பக்கத்து அறையில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து கதை ஊர் சுற்றியது. கல்யாணமான பிறகு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சாம்பாருக்குப் பெயரே புலிதான். "இன்னும் ஒரு கரண்டி புலி ஊத்தட்டுமா?" என்றுதான் மருமகள் கேட்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் பேரன் நான் மரம் ஏறியதை நடித்துக் காட்டுவான். நானும் சிரிப்பேன். வாத்தியாரும் அந்தோணியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் முகம் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

போன வாரம் விருந்தாளி ஒருவர் கேட்டார், "அந்தக் காட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

"ஏதோ பிக்னிக்காம்" என்றாள் மருமகள்.

"பிக்னிக் இல்லம்மா. ஒருத்தர் செத்துப் போயிட்டார்" என்றேன்.

பேரன் நடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அய்யோ தாத்தா, புலி அடிச்சா?"