யன்னலில் சிக்கிய மாப்பிள்ளை

வாயால் விளங்கப்படுத்தத் தெரியாத வாத்தியார்தான் நடித்துக் காட்டுவார். இணுவிலில் வீடு வீடாகப் போய் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் நான் எல்லாப் பாடத்தையும் நடித்தே காட்டினேன்.

அந்த வாரம் எனக்குச் சுன்னாகத்தில் கலியாணம் பேசியிருந்தார்கள். பெண்ணின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவள் வீட்டார் எந்த நேரமும் அயலில் வந்து விசாரிக்கலாம் என்று அம்மா எச்சரித்திருந்ததால், தெருவில் தும்மவும் பயந்தேன். (பெடியனுக்கு நெஞ்சு வருத்தம் என்று யாராவது சொல்லிவிட்டால்?)

அன்று பின்னேரம் வசந்தி அக்கா வீட்டில் வகுப்பு. லண்டனில் இருக்கும் கணவரிடம் போவதற்காக அவர் மறுநாள் ஆங்கிலச் சோதனை எடுக்க வேண்டும்.

"தம்பி, தீஃப், றொபர், பேர்க்ளர், மூண்டும் கள்ளன்தானே? பிறகென்னத்துக்கு மூண்டு சொல்லு?"

அக்காவின் கைப்பையை ஓசைப்படாமல் எடுத்தேன். "இது தீஃப்." கோடு கீறும் அடிமட்டத்தைக் கத்திபோல நீட்டி மிரட்டிப் பறித்தேன். "இது றொபர்."

"அப்ப பேர்க்ளர்?"

"களவெடுக்க வீட்டுக்குள்ள பூருறவன். பொறுங்கோ, காட்டுறன்."

வெளியே போய் யன்னலால் ஏறினேன். கம்பியில்லாத யன்னல்தான், ஆனால் என் வயிற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. தலை உள்ளே, கால் வெளியே, நடுவில் சிக்கிக்கொண்டேன்.

"ஐயோ, கள்ளன்! கள்ளன்!" பக்கத்து வீட்டு மணியண்ணையின் குரல். ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ என் வலது காலை இறுகப் பிடித்தார்.

"நான் கள்ளனில்லை, பேர்க்ளர்!" என்று கத்தினேன். (பயத்தில் பாடம்தான் வாயில் வந்தது.)

மணியண்ணை என் குரலை அடையாளம் கண்டுவிட்டார். "இது எங்கடை இங்கிலிஷ் மாஸ்டரெல்லோ!" பிறகு தணிந்த குரலில், "ஐயா, உங்கடை மகளுக்கு நீங்கள் விசாரிச்ச பெடியன் உவர்தான்."

காலைப் பிடித்திருந்தவர் பெண்ணின் தகப்பன்! எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வசந்தி அக்கா ஓடிவந்து நடந்ததைச் சொன்னார். மனுசன் காலை விடவில்லை. "அப்பிடியே? மூண்டுக்கும் வித்தியாசத்தைச் சொல்லும் பாப்பம்."

யன்னலில் தொங்கியபடியே சொன்னேன். கேட்டு முடித்துக் காலை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு கிழமை பதிலில்லை. வசந்தி அக்கா சோதனையில் பாஸ். (களவைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லையாம்!) கடைசியில் தரகர் செய்தி கொண்டுவந்தார்: "யன்னலுக்குள்ள நிண்டும் பாடத்தை முடிச்சவன், என்ரை பிள்ளையை இடையில விடமாட்டான் எண்டு தகப்பன் சொல்லுறார்."

இன்றும் மாமனார் வீட்டுக்குப் போனால், முன்கதவு விரியத் திறந்திருக்க, அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"மருமோன் வாறார், யன்னலைத் திறந்து விடுங்கோ!"