மாஸ்டரை வெல்ல விடப்போன கதை

"வயசு போனால் மனுசனுக்கு மூண்டு விசயம் போதும்" எண்டு பெரியப்பா சொல்லுறவர். தண்ணி தெரியிற ஜன்னல் ஒண்டு. மற்ற ரெண்டும் எனக்கு மறந்துபோச்சு.

போன ஞாயிறு அப்பாவுக்கு அந்த ஜன்னலைப் பார்க்கப் போனம்.

கனகாலம் கொழும்பில வேலை செய்துபோட்டு இந்த வருசம்தான் ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தனான். டோர்செட் பார்க்கில அப்பாவுக்கு ஒற்றை அறை அப்பார்ட்மென்ட். நாற்பத்தெட்டு வயசு மகன் ஹோலில, சோபாவில. அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறன் எண்டு நான் சனத்துக்குச் சொன்னன். அப்பா சனத்துக்கு வேற சொன்னார். எனக்குச் சொன்னது இதுதான்:

"ஏரிக்கரையில எங்கட ஆக்களின்ர முதியோர் குடியிருப்பில ஒரு அறை காலியாம். கொண்டுபோய் விடு. உன்ர குறட்டையிலயிருந்து தப்புவன்."

பின்னேரம் யூனியன்வில்லிலயிருந்து இன்னொரு குடும்பமும் பார்க்க வருகுதாம். முந்தவேணும்!

போனம். ஏரி கடல் மாதிரிக் கிடக்கு. பார்க்கத்தான் ஆளில்லை. குளிர் காத்து வருமெண்டு எல்லாத் திரையையும் இழுத்து மூடிப்போட்டு, உள்ளுக்க ஊரைத் திரும்பக் கட்டி வைச்சிருக்கினம். தலைவர், உபதலைவர், செயலாளர், அவையளோட கோவிச்சுக்கொண்டு தனிய இருந்து சாப்பிடுற முன்னாள் தலைவர். பதவி இல்லாத ஒரே ஆள் சமையல்காரர்தான்.

அறை ஆருக்கு எண்டு முடிவெடுக்கிறவர் தலைவர். இளைப்பாறின கணக்கு வாத்தியார், எல்லாருக்கும் மாஸ்டர். எங்களைக் கண்ட உடன சீட்டாடுற கடதாசிக் கட்டைக் குலுக்கத் தொடங்கினார்.

"அண்ணை, முதல் ஒரு ஆட்டம் முன்னூற்றி நாலு போடுவம். ஆள் எப்பிடியெண்டு அதில தெரிஞ்சிடும்."

நானும் அப்பாவும் ஒரு பக்கம். மாஸ்டரும் செயலாளர் கமலா அன்ரியும் மற்றப் பக்கம். தோத்தவையின்ர காதில உடுப்புக் காயப்போடுற கிளிப். அது அங்கத்தைய சட்டம்.

நான் கணக்குப் போட்டன். மாஸ்டர் வெண்டால் மாஸ்டருக்குச் சந்தோசம். மாஸ்டருக்குச் சந்தோசமெண்டால் அப்பாவுக்கு அறை. ரெண்டு மொழியில படிச்ச மூளை அல்லோ! ரெண்டு மொழியிலயும் ஒரே பிழையான விடை.

முதல் ஆட்டத்தில நல்ல கடதாசியெல்லாத்தையும் பிடிச்சு வைச்சிருந்து தோத்தன். அப்பாவின்ர காதில கிளிப். என்ர காதிலயும்.

"என்னடா விளையாடுறாய்?" எண்டார் அப்பா. நான் கண்ணைக் காட்டினன்.

"கண்ணில என்ன, தூசியோ?"

ரெண்டாவது ஆட்டமும் தோல்வி. மற்றக் காதிலயும் கிளிப். மாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அறை கையில வந்திட்டுது!

மூண்டாவதில கொஞ்சம் கூடிப்போச்சு. மாஸ்டர் கிளாவர் இறக்கினார். கையில அதே இனம் இருந்தால் அதைத்தான் போடவேணும். என்ர கையில கிளாவர் இருந்தது. இருந்தும் வேற ஒண்டைப் போட்டன். கமலா அன்ரி சும்மா இருப்பாவே?

"தம்பி, கையைக் காட்டும் பாப்பம்!"

பறிச்சு மேசையில விரிச்சா. மூண்டு கிளாவர்.

"ஏன் போடேல்லை?" மாஸ்டரின்ர குரல் வகுப்பறைக்குப் போயிட்டுது.

உண்மையைச் சொன்னால் மெச்சுவார் எண்டு நினைச்சன். "உங்களை வெல்ல விடத்தான், மாஸ்டர்..."

தொலைக்காட்சிப் பெட்டியை ஆரோ நிப்பாட்டிச்சினம். தனிய இருந்த முன்னாள் தலைவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"அப்ப அந்த ரெண்டு ஆட்டமும்?" எண்டார் மாஸ்டர்.

நான் காதில கிடந்த கிளிப்பைத் தடவினன்.

"என்னை என்ன பிச்சைக்காரன் எண்டு நினைச்சீரோ!" மாஸ்டர் கடதாசிக் கட்டை எறிஞ்சார். "எத்தினை வருசமா இந்த மேசையில வெல்லுறன்!"

"அதெல்லாத்தையும் இனி ஒருக்கா எண்ணிப் பார்க்கவேணும்" எண்டார் முன்னாள் தலைவர்.

அறை போச்சு எண்டு நினைச்சன். அப்பா எழும்பினார். நாலு கிளிப்பையும் ஒவ்வொண்டாக் கழட்டினார், என்ர ரெண்டையும் சேர்த்து.

"மாஸ்டர், எனக்கு இந்த வயசில தோக்கிறது பிரச்சினையில்லை. ஆனா இவனோட ஒரே பக்கத்தில இருந்து தோக்க ஏலாது. வீட்டிலயும் இதுதான் நிலைமை."

மாஸ்டர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் அப்பாவைப் பார்த்தார். இந்தமுறை பார்வையில இரக்கம்.

"இவரோட ஒரு வீட்டிலயே இருக்கிறியள், அண்ணை?"

"ஓம்."

"கமலா, யூனியன்வில் ஆக்களை வரவேண்டாமெண்டு சொல்லும்."

அப்பாவின்ர பெட்டியளை ஏத்திக்கொண்டு வாற சனி திரும்பப் போறம். அண்டைக்கு நான் காருக்குள்ளயே இருக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறன்.