காலி நாற்காலியும் சின்ன விளக்கும்

மரியாதைக்குரிய அத்தானுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் தூக்கம் ஒன்றுதான் சரியில்லை. அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா? இரவல் போன விளக்கு எது திரும்பி வந்தாலும், சரியாக எரிகிறதா என்று பார்க்க அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு காலி நாற்காலி போட்டு, கேமராவை அமுக்கிவிட்டு ஓடிப்போய் உட்காரும் வழக்கத்தை விட்டுவிட்டீர்களா? உங்கள் கூடத்துப் படங்களில் பாதியில் உங்கள் முதுகுதானே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அருங்காட்சியகத்து ஓவியங்களைச் செப்பனிடும் முன் படம் எடுத்து வைக்க வேண்டும், அதற்கு எந்த விளக்கு வாங்கலாம் என்று நான்தான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தப்பாகச் சொன்னால் என் வேலைக்கே உலை என்று சொல்லித்தானே உங்கள் கல்யாண ஸ்டுடியோவிலிருந்து வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் குடை விளக்கு ஒன்று, சின்ன விளக்கு ஒன்று என்று இரண்டு விளக்குகள் இரவல் வாங்கி வந்தேன். முதலில் குடை விளக்கைப் போட்டேன். ஓவியத்தில் சிவப்பு உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. குடை வெளிச்சத்தில் அவள் முகத்தில் ஒரு விரிசல்கூடத் தெரியவில்லை. ஓவியங்களைச் செப்பனிடும் மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, "இதென்ன கல்யாணப் பொண்ணா? எனக்கு விரிசல் தெரியணும். அந்தச் சின்ன விளக்கை ஓரமா வெச்சு, பக்கவாட்டுல அடிங்க" என்றார்.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு அப்படியே எடுத்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் பெயின்ட்டின் மேடுபள்ளமெல்லாம் நிழலாக விழும். எடுத்த படத்தைப் பார்த்தால், காலி நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். "யாரையோ வரைஞ்சிட்டு, அப்புறம் வேண்டாம்னு மேல பூசியிருக்காங்க. சகஜம்தான்" என்றார் மேடம். சகஜம் என்றால் சரி என்று அடுத்த படம் எடுத்தேன். அதில் அவன் எழுந்து நின்றான். "விளக்கை நகர்த்திட்டீங்க, அதான் நிழல் மாறிடுச்சு" என்றார். விளக்கை மேஜைக்காலோடு கயிற்றால் கட்டினேன், கேமராவையும் கட்டினேன், நான் நடுங்கிய நடுக்கத்துக்கு என்னையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். மூன்றாவது படத்தில் அவன் விளக்கு இருந்த பக்கமாகத் திரும்பியிருந்தான். அதற்கடுத்ததில் சட்டத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டான், விளக்குக்கு மிக அருகில். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த விளக்கு யாருது?" என்றார். "எங்க அத்தானுது" என்றேன். "கொடுத்துடுங்க. இன்னைக்கே."

பயந்துவிட்டேன் அத்தான், உங்களிடம் மறைப்பானேன். குடை விளக்கே ஓவியங்களுக்கு உகந்தது, நிறத்தை மாற்றாமல் காட்டுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நிறத்தைப் பற்றிச் சொன்னது உண்மைதான். மேடமும் விரிசலைப் பற்றி மூச்சு விடவில்லை. சின்ன விளக்கைத் துடைத்து, பஞ்சு சுற்றி, பெட்டியில் வைத்து, உங்கள் பக்கம் வரும் வண்டியில் ஏற்றிவிட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீடு என்றும் வெளிச்சமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: வண்டி போன பிறகு மனசு கேட்காமல் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஓவியத்தைப் பார்த்தோம். நாற்காலியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, வழவழவென்று இருக்கிறது; சட்டத்தின் ஓரத்திலும் அவன் இல்லை. பெட்டியைப் பிரிக்காதீர்கள். கடிதம் முந்துமா பெட்டி முந்துமா தெரியவில்லை. ஒருவேளை பிரித்து, அக்காவையும் உட்கார வைத்து, கேமராவையும் அமுக்கிவிட்டீர்களானால், ஓடிப்போய் உட்காரும் முன் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதா என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.